ராமுத்தாய் நிறுத்திய மாத்திரை

“சின்னமனூர், சின்னமனூர்” என்று தேனியில் தொண்டை கிழியக் கத்திய கண்டக்டரை நம்பித்தான் ஏறினேன். சின்னமனூரில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் அனுமந்தன்பட்டி. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலைக்காற்று முகத்தில் பட்டதும் கண் அசந்துவிட்டது. எங்கள் தூத்துக்குடிக் காற்று உப்பையும் தூசியையும் அள்ளிக்கொண்டு வந்து கன்னத்தில் அறையும். இந்தக் காற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை. முழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் நெல் வயல், ஒடுக்கமான ரோடு, பஸ் முழுக்கக் கறுப்புத் துணியும் எள் பொட்டலமும். அன்றைக்குச் சனிக்கிழமை. பஸ் குச்சனூர் சனீஸ்வரனைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது, என்னையும் சேர்த்துக்கொண்டு.

“சின்னமனூர் வந்தப்ப மூணு தடவை கத்துனேன் ஆத்தா. நீங்க வாயத் தொறந்து தூங்குனீக” என்றார் கண்டக்டர்.

“தட்டி எழுப்பக் கூடாதா?”

“பொம்பள ஆளத் தொட்டு எழுப்புனா நாளைக்கு என் போட்டோ பேப்பர்ல வரும்.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பயணத்தில் நான் மனசாரச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் யார் மேலாவது கோபமாகவே இருந்தேன்.

முதல் கோபம் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. நல்ல மனுஷிதான். வாழைப்பழம் கொடுத்தாள். என் இடது கையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இறுக்கமாக மாட்டியிருக்கும் உறையைப் பார்த்து, “கையில என்ன, எலும்பு முறிஞ்சிருச்சா?” என்று கேட்டாள். மார்பில் புற்றுநோய் வந்து எடுத்துவிட்டார்கள், அதில் கை வீங்கிவிடும், அதற்குத்தான் உறை என்றேன். உடனே குரலைத் தாழ்த்தினாள். “முள்ளு சீத்தா இலையக் கொதிக்க வச்சுக் குடிங்க. எங்க சித்தப்பா மகளுக்குக் கட்டி இருந்த இடமே தெரியல.” முன் சீட்டுக்காரர் திரும்பி, அதெல்லாம் சரிப்படாது, நித்தியகல்யாணிப் பூதான் என்றார். பின்னாலிருந்து ஒருவர் கோதுமைப் புல் என்றார். இன்னொருத்தி எள் தீபம் போடச் சொன்னாள். கழுத்தில் கிடக்கும் சிலுவையைக் காட்டினேன். “அதனால என்ன, விளக்குக்கு என்ன தெரியும்?” என்றாள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. மனசில் முடிந்துகொண்டேன். ஆள் எப்படிப்பட்டவராக இருந்தாலும் நல்ல சொல் சொன்னால் விடமாட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்சப் படிப்பெல்லாம் அடுத்தவர் வாயிலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

ஆனாலும் எரிச்சல்தான். இரண்டு வருஷமாக இதே கூத்துதான். கருஞ்சீரகம், மஞ்சள், கோமியம், கற்றாழை என்று எனக்கு மருந்து சொல்லாத ஆள் இல்லை. சிகிச்சை முடிந்து உயிரோடு இருக்கிறவள் எப்படி வாழ்கிறாள் என்று கேட்கத்தான் ஆள் இல்லை. கை தூக்க முடிகிறதா, மூட்டு வலிக்கிறதா, வெயிலே இல்லாத நேரத்தில் உடம்பு கொதிக்கிறதே, அதற்கு என்ன செய்கிறாய் என்று ஒரு வாய் கேட்டதில்லை.

அதைக் கேட்டுக்கொள்ள எனக்கு வாய்த்தவள் ராமுத்தாய் ஒருத்திதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரிய ஊரின் ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டில். இருவருக்கும் ஒரே நோய், ஒரே பக்கம். ஒரே ‘கீமோ’ ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டோம், ஒரே கதிர்வீச்சு அறை வாசலில் ஆறு வாரம் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது ஐந்து வருஷம் விடாமல் போடச் சொல்லி இருவருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தார்கள். நான் தையல்காரி. எடுத்துவிட்ட மார்பின் இடத்தில் வைத்துக்கொள்ளத் துணிப் பையில் கேப்பை நிரப்பி, உள்பாடிக்குள் சொருகுகிற மாதிரி தைப்பேன். கனமும் சரியாக இருக்கும், நடந்தால் ஒரு பக்கம் சாயாது. தனக்கும் ஒன்று வேண்டும் என்று ராமுத்தாய் போனில் கேட்டாள். அதைக் கொடுக்கிற சாக்கில்தான் இந்தப் பயணம். தபாலில் அனுப்பியிருந்தால் எனக்கு ஒன்றுமே தெரியாமல் போயிருக்கும்.

குச்சனூரிலிருந்து திரும்பி, இரண்டு பஸ் மாறி அனுமந்தன்பட்டி போய்ச் சேரும்போது மூன்று மணி. ராமுத்தாய் புருஷனை இழந்தவள். தம்பி பாண்டியின் வீட்டில் இருக்கிறாள். அவனுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. வாசலில் நின்றவளைப் பார்த்து யாரோ என்று நினைத்துவிட்டேன். கன்னம் ஒட்டிப்போய், கழுத்து எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றாள்.

“எஸ்தரக்கா, என்ன இப்படிக் குண்டாகிட்டீக?” என்றாள்.

“உன் பங்கையும் நான் தின்னுட்டேன்ட்டி” என்றேன்.

தம்பி பெண்டாட்டி கவிதா சாப்பாடு போட்டாள். பச்சை மொச்சைக் குழம்பு, கேப்பைக் களி, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம். மீன் இல்லாத சாப்பாட்டை நான் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. ஆனால் அந்த மொச்சைக் குழம்புக்கு மட்டும் விதிவிலக்கு எழுதிக் கொடுத்தேன். தண்ணீரும் அப்படித்தான் இனித்தது. எங்கள் தெருக் குழாயில் வருகிற தண்ணீரை இந்த ஊர் மாடு குடிக்காது.

ராமுத்தாய் மட்டும் தள்ளி உட்கார்ந்து வெள்ளைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உப்பில்லை.

“பத்தியம்க்கா. உப்பு, புளி, காரம், மீனு, முட்டை எதுவும் ஆகாது. நாப்பத்தெட்டு நாளு. இது ரெண்டாவது மண்டலம்.”

உப்பளத்தில் பிறந்து வளர்ந்தவள் முன்னால் உப்பில்லாத கஞ்சி! யார் சொன்ன பத்தியம் என்று கேட்டேன். தேவாரத்துக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு வைத்தியர் இருக்கிறார், பச்சிலைப் பொடி கொடுக்கிறார் என்றாள். பச்சிலைக்கு நான் எதிரி இல்லை. சீரகத் தண்ணீர் குடிக்காமல் எனக்குப் பொழுது விடியாது. சரி, போகட்டும் என்று என் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். “உன்னோடதையும் எடு, சேர்ந்தே போடுவோம். கட்டில்ல கிடந்தப்போ போட்ட மாதிரி.”

அவள் சுவரைப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து கவிதாதான் சொன்னாள்: “மதினி அத நிப்பாட்டி நாலு மாசமாச்சு.”

கையில் இருந்த தம்ளரைத் தரையில் வைத்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. வாரா வாரம் போன் பண்ணி “மாத்திரை போட்டியா?” என்று கேட்கிறேன். “போட்டேன்க்கா” என்று வாரா வாரம் சொல்லியிருக்கிறாள். திட்டினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அந்த மாத்திரைதான் நோய் திரும்பி வராமல் காவல் இருக்கிறது, காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போட்டுப் படுத்திருக்கிறாயே என்றேன். வைத்தியர்தான் நிறுத்தச் சொன்னாரா என்று கேட்டதற்கு, “அவுகளும் சொன்னாக” என்றாள். அந்த ‘உம்’மை நான் அப்போது கவனிக்கவில்லை. கோபத்தில் இருக்கிறவளுக்குக் காது பாதிதான் கேட்கும்.

சாயங்காலம் குழாயடியில் கவிதா தன் குறையைச் சொன்னாள். அவளுக்கு நாலு மாதப் பெண் குழந்தை. கூடத்தில் சேலைத் தொட்டிலில் கிடக்கிறது. “நாலு மாசத்துல மதினி ஒரு தடவை தொட்டதில்ல. அத்தைதான மடியில வச்சு, காதுல பேரச் சொல்லணும்? முப்பதாம் நாளு சொந்தக்காரங்க அத்தனை பேரும் வந்து உக்காந்திருக்காக. கை வலிக்குதுன்னு தோட்டத்துக்குப் போயிட்டாக. ஆபீசு பதிவுல பேரு இருக்கு, வீட்டுல இன்னும் பாப்பாதான். பொம்பளப் பிள்ளைன்னு இளக்காரம். வேற என்ன?”

எனக்கு ராமுத்தாயைத் தெரியும். வார்டில் யார் குழந்தை அழுதாலும் கட்டிலை விட்டு இறங்கிவிடுவாள். இளக்காரம் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் தொட்டில் பக்கம் போகும்போதெல்லாம் அவள் சுவரோரமாக ஒதுங்கி நடப்பதை நானும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அந்த வைத்தியரை நேரில் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தேன். ஷேர் ஆட்டோவில் ஏழு பேர் உட்காருகிற இடத்தில் பதினோரு பேர். வழியில் ஓரிடத்தில் ஆட்டோ ஏறமாட்டேன் என்று நின்றுவிட, வீங்கின கையோடு நாங்கள் இருவரும் இறங்கி நடந்தோம். கையே வீங்காத ஆண்பிள்ளைகள் உள்ளேயே உட்கார்ந்து வந்தார்கள்.

தகரக் கொட்டகை. டோக்கன். சுவரில் டிவி. அதில் வைத்தியரே வைத்தியத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேரளாவிலிருந்து ஜீப்பில் வந்திருந்த ஒரு சேச்சி, தன் தங்கைக்குக் கடைசிக் கட்டம் என்றும், டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றும், இங்கேயாவது ஒரு வழி கிடைக்கும் என்று வந்ததாகவும் மலையாளத்தில் சொன்னாள். அவளைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. முங்குகிற ஆள் எதைப் பிடித்தாலும் அதைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கைக்கு எதை நீட்டுகிறோம் என்று நீட்டுகிறவனுக்குத் தெரியவேண்டும்.

எங்கள் முறை வந்தது. வெள்ளை வேட்டி, சாந்தமான முகம், சாந்தமான குரல். ராமுத்தாயின் வீங்கின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக நீவிவிட்டார். “வேர்க்குதா தாயி?”

“குளிச்ச மாதிரி வேர்க்குது சாமி.”

“நல்லது. அந்த இங்கிலீஷ் மருந்தோட விஷம்தான் வேர்வையா வெளிய இறங்குது. என் பொடி அதை உறிஞ்சித் தள்ளுது. முழுசா இறங்குற வரைக்கும் அந்த மாத்திரையத் தொடக் கூடாது.”

ராமுத்தாய் சேலைத் தலைப்பால் கழுத்தை அவசரமாகத் துடைத்துக்கொண்டாள். யாரோ அசிங்கத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி அவள் முகம் சுருங்கியது.

“பொடியில என்ன சேக்கீய?” என்று கேட்டேன்.

“அது குருநாதர் கொடுத்தது. வெளிய சொன்னா பலிக்காதும்மா.”

“என்னன்னு தெரியாம எப்படிக் குடிக்கிறது? நாளைக்கு இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா டாக்டர்கிட்ட எதைக் குடிச்சான்னு சொல்லணும்லா?”

“நம்பிக்கை இல்லாதவங்க வரக் கூடாதும்மா. எத்தனையோ பேர் குணமாகிப் போயிருக்காங்க.”

“போனவுக போயிட்டாக. திரும்பி வராதவுகளை யாராவது போய்ப் பார்த்தீயளா?”

அவர் சிரித்தார். “வராதவங்க குணமாயிருப்பாங்க. அதனாலதான் வரல.”

வராமல் போன பெண்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் ஒருத்தி இருந்தாள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு வருஷம் ஏதோ லேகியம் தின்றுவிட்டு, மார்பு புண்ணாகி உடைந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளும் எந்தக் கொட்டகைக்கோ திரும்பிப் போகாதவள்தான். அங்கே எந்த வைத்தியர் அவளைக் குணமானவர்கள் வரிசையில் சேர்த்து வைத்திருக்கிறாரோ. அத்தனை பேர் முன்னால் இதை நான் கத்திச் சொன்னேன். இரண்டு பேர் வந்து மரியாதையாக என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

திரும்பி வரும்போது தேவாரத்தில் ஒரு டீக்கடையில் ஏலக்காய் மணக்க டீ வந்தது. ராமுத்தாய் குடிக்கவில்லை, பத்தியம். நான் குடித்து முடித்த பிறகு சொன்னாள்:

“நீங்க அவர வையிறீக. நம்ம ஆஸ்பத்திரியில என்ன நடந்துச்சு? சூடு வருது சார்னேன். கம்ப்யூட்டரப் பார்த்துக்கிட்டே அது அப்படித்தான் இருக்கும்னாக. தூக்கமில்லன்னேன். வயசாகுதுல்லம்மான்னாக. கை மரக்கட்டையாட்டம் கனக்குதுன்னேன். எல்லாம் நார்மல், ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னு அடுத்த ஆளுக்கு மணிய அடிச்சாக. இந்த மனுசன் மொத நாளு அரை மணி நேரம் கேட்டாரு. தூங்குறியா தாயின்னு கேட்டாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு. என் உடம்புக்குள்ள நான் எப்படிக் குடியிருக்கேன்னு வேற யாரு கேட்டாக?”

என் கோபம் ஒரு இடத்தை விட்டு இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்தது. கட்டியை எடுக்கத் தெரிந்த அத்தனை பேரும் எடுத்த பிறகு அந்தப் பெண்ணை நடு ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே அந்தக் கொட்டகைக்காரர் மட்டும்தான் ஆட்டோவை நிறுத்தி “ஏறிக்கோ” என்கிறார். ஏறாமல் என்ன செய்வாள்? அதோடு என் மேலும் கோபம் வந்தது. வாரா வாரம் “போட்டியா?” என்று மட்டும்தானே நானும் கேட்டேன்.

திங்கட்கிழமை காலை அவளோடு அவள் கூலி வேலை பார்க்கும் தோட்டத்துக்குப் போனேன். திராட்சைத் தோட்டத்துக்குள் நுழைவது ஒரு பச்சைக் கூரைக்குக் கீழே நுழைகிற மாதிரி. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதிலிருந்து கறுத்த பன்னீர்த் திராட்சைக் குலைகள். பறிக்கிற பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை கையை மேலே தூக்கியபடியே நிற்கவேண்டும். ராமுத்தாய் இருபது வருஷம் செய்த வேலை அது. இப்போது அவள் இடது கை தோளுக்கு மேலே போகாது. கீழே சாக்கை விரித்து உட்கார்ந்து, பறித்துப் போடும் குலைகளில் சொத்தைக் காயை நீக்கிப் பெட்டியில் அடுக்குகிறாள்.

“எங்க ராமுத்தாய் இப்ப ஆபீசரு. உக்காந்தே சம்பளம்” என்றாள் பறிக்கிற ஒருத்தி.

“ஆமாடி, நீயும் ஒரு பக்கத்த அறுத்துக் குடு, உனக்கும் ஒரு சாக்கு விரிக்கச் சொல்றேன்” என்றாள் ராமுத்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் தைத்துக் கொண்டுவந்ததை அன்றைக்கு அவள் போட்டிருந்தாள். யாரும் கவனிக்கவில்லை. அதற்காகத்தானே தைத்தது.

பத்து மணிக்குமேல் பக்கத்தில் பாண்டியின் தோட்டத்துப் பக்கம் நடந்தேன். அங்கே பிஞ்சுப் பருவம். வாசல் கம்பியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தது. நுழையப் போனவளை ராமுத்தாய் பின்னாலிருந்து கத்தித் தடுத்தாள். “உள்ள போகாதீக! காலையில மருந்து தெளிச்சிருக்கான். துணி கட்டியிருந்தா ஆடு மாடு கூட அங்கன விடமாட்டோம்.”

பம்பு செட்டில் பாண்டி குளித்துக்கொண்டிருந்தான். தெளிக்கும்போது போட்டிருந்த சட்டையும் கைலியும் தனியாக ஒரு கல்லின் மேல் கிடந்தன. இந்த ஊர் வழக்கம் என்னவென்று ராமுத்தாய் சொன்னாள். தெளித்தவன் குளித்துவிட்டு, துணியை வீட்டுக்கே கொண்டுபோகாமல் இங்கேயே அலசிக் காயப்போட வேண்டும். அன்றைக்கு முழுக்கக் குழந்தையைத் தொடமாட்டான். மறுநாள் இன்னொரு தடவை குளித்துவிட்டுத்தான் தூக்குவான். பறிப்புக்கு முன்னால் பல நாளைக்குத் தெளிப்பதே இல்லை. நஞ்சு இறங்க நாள் கொடுக்க வேண்டும்.

“நாள் கணக்குத் தெரியாம பறிச்சா தின்கிற பிள்ளைக்கு ஆகாது” என்றவள் நிறுத்திவிட்டாள். அவள் முகம் சிவக்க ஆரம்பித்தது. அந்தச் சூடு எனக்குப் பழக்கம். மார்பிலிருந்து கழுத்துக்கு ஏறி, காதைப் பிடித்து, ஒரு நிமிஷத்தில் ஆளை நனைத்துவிடும். “உள்ளுக்குள்ள யாரோ ஊதுகுழல வச்சு அடுப்பு ஊதுறாக” என்று வார்டில் சொன்னவளே அவள்தான். விறகு அடுக்கியிருந்த பக்கம் ஒதுங்கி நின்று துடைத்தாள். துடைத்த துணியைச் சுருட்டி, பாண்டியின் சட்டை கிடந்த அதே கல்லின் மேல் வைத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“ஏட்டி, நீ என்னத்துக்குட்டி மாத்திரைய நிப்பாட்டுன?”

அவள் என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துப் பேசினாள். “ஊசி மருந்து ஏத்துறப்ப நர்சு கையில உறை மாட்டிக்கிட்டு, மூஞ்சிய மூடிக்கிட்டுத்தான தொட்டாக? என் வாந்தியக் கூடத் தொடாதன்னு கவிதாகிட்டச் சொன்னாக. ரெண்டு நாளைக்குக் கக்கூசுல ரெண்டு தடவை தண்ணி ஊத்தச் சொன்னாக. அம்புட்டு வீரியமான மருந்து. அதே நோய்க்குத்தான் மாத்திரையும். தினமும் உள்ள போகுது. தினமும் வேர்வையா வெளிய வருது. பச்சப் பிள்ளை பிறந்த வீடு. என் வேர்வை அது மேல பட்டா? அதான் பாப்பா பிறந்த அன்னைக்கே நிப்பாட்டுனேன். நஞ்சு இறங்கட்டும், இறங்குனதும் தூக்கிக்கலாம்னு இருந்தேன். ரெண்டு மாசம் பார்த்தேன். வேர்வை நிக்கல. அப்பறம்தான் அந்த வைத்தியருகிட்டப் போனேன். அவுகளும் வேர்வை பூரா விஷம்னு சொல்லிட்டாக.”

நாலு மாதம். தொட்டில் பக்கம் போகாமல், பெயர் சொல்லாமல், கடைசி இரண்டு மாதம் உப்பும் இல்லாமல். நஞ்சு இறங்கக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு திராட்சைத் தோட்டத்துக்காரி தனக்குத் தெரிந்த அத்தனை கவனத்தையும் தன் உடம்புக்கே போட்டுப் பார்த்திருக்கிறாள். தோட்டத்துக்கு அவள் கணக்கு சரி. உடம்புக்கு அது சரியா தப்பா என்று சொல்லவேண்டியவன் மணி அடித்துவிட்டான். சொல்லக் கூடாதவன் ‘சரிதான் தாயி’ என்றுவிட்டான்.

“கவிதாகிட்டச் சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா என்னைய வீட்டுல வச்சிருப்பாளா? பிள்ளை பெத்தவ பயப்பட மாட்டாளா?”

அந்த ஆஸ்பத்திரிக்கு வா, கேட்போம் என்றேன். அங்கே மட்டும் வரமாட்டேன் என்று மண்டையை ஆட்டினாள். குளித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பாண்டிதான் ஒரு வழி சொன்னான். தேனி பெரியாஸ்பத்திரியிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறதாம், அவன் மூட்டு வலிக்குப் போயிருக்கிறானாம். “அங்கன ஒரு லேடி டாக்டர் இருக்காக. பொறுமையாக் கேப்பாக.” மறுபடியும் பச்சிலையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ராமுத்தாய் சரி என்றாள். அவள் சரி என்ற இடத்துக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை.

செவ்வாய்க்கிழமை. பஸ்ஸில் இந்தத் தடவை நான் தூங்கவில்லை, சண்டைக்குத் தயாராகிக்கொண்டு வந்தேன். அந்த டாக்டருக்கு முப்பது வயசுகூட இருக்காது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். “நீங்களும் மாத்திரைய நிறுத்தச் சொல்லப் போறீயளா?”

“எந்த மாத்திரை? முதல்ல ஃபைலைக் கொடுங்க” என்றாள் அவள்.

ஃபைலை முதல் தாளிலிருந்து படித்தாள். நாங்கள் காத்திருந்தோம். வெளியே வரிசை நீண்டது, அவள் நிமிரவில்லை. படித்து முடித்ததும் வைத்தியரின் பொடியைக் கேட்டாள். முகர்ந்து பார்த்தாள், காகிதத்தில் கொட்டிக் கிளறிப் பார்த்தாள், மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“நான் ஐந்தரை வருஷம் இதைத்தான் படிச்சேன். இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல. எனக்குத் தெரியாததை உங்களைக் குடிக்கச் சொல்ல மாட்டேன். மூலிகைன்னா எல்லாம் சாதுன்னு அர்த்தமில்லை. சிலது உங்க மாத்திரையோட வேலையையே கெடுக்கும். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?”

நான் வாயைத் திறந்தேன். ராமுத்தாய் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளே பேசினாள். நர்சின் கையுறையிலிருந்து சிவப்புத் துணி வரை, கல்லின் மேல் வைத்த துணி வரை, எல்லாம். கடைசியில் கேட்டாள்: “என் வேர்வை பட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா டாக்டர்?”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைக் கும்பிடலாம்.

“ஒண்ணும் ஆகாதும்மா. ஊசி மருந்து ஏத்தின நாட்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. அது முடிஞ்சு போச்சு. உங்க வேர்வையில விஷம் எதுவும் இறங்கல. சூடு வர்றது, வேர்க்கிறது எல்லாம் அந்த மாத்திரை உடம்புல செய்யிற வேலையோட விளைவு. நிறுத்தியும் நிக்கலைன்னா உங்க மாதவிலக்கு நின்ன வயசும் அதுல சேர்ந்திருக்கு. பிள்ளையைத் தாராளமாத் தூக்குங்க. வீங்கின கையில வேணாம், வலது கையில.”

அவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள். இதற்கு ஏன் நாலு மாதம்? சிகிச்சை முடிந்து அனுப்பிய அன்றைக்கு, ஃபைலைக் கையில் கொடுத்தபோது, இந்த ஒரு மூச்சை எங்கள் ஆஸ்பத்திரியில் எவராவது செலவழித்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? சண்டை போடத் தயாராகி வந்த எனக்குச் சண்டைக்கு ஆள் இல்லாமல் அழுகை வந்தது. டாக்டர் எனக்கும் சேர்த்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

அதோடு விடவில்லை. நாலு மாதம் விட்ட மாத்திரையை நாமாகத் தொடங்க வேண்டாம் என்று, ஆள் கூட அனுப்பி அதே வளாகத்தில் இருக்கும் புற்றுநோய் டாக்டரிடம் போகச் சொன்னாள். அவர் சோதித்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேனுக்கு எழுதினார், அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கலாம் என்றார். சூட்டுக்குத் தனியாக மருந்து உண்டு, நீங்கள் கேட்டதில்லையா என்றார். கேட்டாள் சார், அது அப்படித்தான் இருக்கும் என்றார்கள் என்றேன். அவர் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குச் சீட்டு எழுதினார். நாங்கள் கிளம்பும்போது சித்த டாக்டர் வாசல் வரை வந்து, “உப்புப் போட்டுச் சாப்பிடுங்கம்மா” என்று மட்டும் சொன்னாள்.

நான்கு மாதத்தில் என்ன நடந்திருக்கிறது என்று ஸ்கேன் வந்தால்தான் தெரியும். இதை எழுதும்போதும் அது வரவில்லை. அந்தப் பயத்தை யாராலும் ஒரு மூச்சில் தீர்க்க முடியாது.

தேனி பஸ் நிலையத்திலேயே ஒரு கடையில் சோறு, குழம்பு, அப்பளம் வாங்கிக் கொடுத்தேன். முதல் கவளத்தில் உப்பு நாக்கில் பட்டதும் ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டாள். வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகத் தொட்டிலுக்குப் போனாள். கை கால் கழுவவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த வேகத்தில் முகம் சிவந்து, நெற்றியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வலது கையைக் குழந்தைக்கு அடியில் கொடுத்துத் தூக்கி, ஈரக் கழுத்தோடு சேர்த்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து மடியில் போட்டு, காதோரம் குனிந்து பெயரைச் சொன்னாள். மூன்று தடவை. சொல்லும்போது அவள் தாடையிலிருந்து ஒரு சொட்டு குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

அடுப்படி வாசலில் கவிதா கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பாண்டி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. நன்றி சொல்வாள், அழுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கத்தினாள்.

“நாலு மாசம் மதினி! நாலு மாசம் உங்கள மனசுக்குள்ள வஞ்சு தீத்துருக்கேன்! பிள்ளைக்குப் பால் குடுக்கும்போதெல்லாம் வஞ்சிருக்கேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? நான் என்ன மனுசி இல்லையா?”

“ஏடி, கத்தாத” என்றாள் ராமுத்தாய், நிமிர்ந்து பார்க்காமல். “இப்பத்தான் மொத மொதல்ல என்னையப் பாக்குது. பயந்துறப் போகுது.”